மேரு விலாஸ், ஆறாம் அறை

ஏனாத்தூர்
4 பிப்ரவரி 2025

மேரு விலாஸ் ஓட்டல் உரிமையாளர் திருமதி சசிரேகா அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உங்கள் ஓட்டலைப் பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த உத்திரமேரூர் மேரு விலாஸ் சித்திரையில் திறக்கப் போகிறது என்று போட்டிருந்தார்கள். சந்தோஷம். கூடவே ஆறாம் நம்பர் அறையில் 'கோவிந்தம்மா பேய்' இருக்கிறது என்றும் போட்டிருந்தார்கள். துணி துவைக்கும் வேலைக்காரியாம், கிணற்றில் விழுந்து செத்தாளாம். உச்சிவேளையில் கிணற்றடிக் கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்குமாம். பூட்டிய அறைக்குள் போர்வைகள் மடித்துக் கிடக்குமாம். தைரியம் உள்ளவர்கள் அந்த அறைக்கு முன்பதிவு செய்யலாமாம்.

அந்தக் கோவிந்தம்மாள் நான்தான். நான் கிணற்றில் விழவில்லை, சாகவும் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, வேறு கோளாறு ஒன்றும் இல்லை.

பத்திரிகையில் உங்கள் போன் நம்பரும் இருந்தது. "போன்ல பேசிடும்மா" என்றாள் என் மகள் இந்து. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். நான் அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். ஆகவே எழுதுகிறேன். என் பெயரைப் பேய்க்கு வைத்து நீங்கள் அறை வாடகைக்கு விடக்கூடாது.

பதில் எழுதவும்.

கோ. கோவிந்தம்மாள்


உத்திரமேரூர்
12 பிப்ரவரி 2025

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேரு விலாஸ் என் தாத்தா கிருஷ்ணசாமி 1956-இல் கட்டியது. கீழே ஆறு அறை, மேலே ஆறு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம். அதற்கு முன்னால் எங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் அன்றைக்கே காஞ்சிபுரம் திரும்பிவிட வேண்டியிருந்தது. எங்கள் ஓட்டல் வந்த பிறகுதான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வாரக்கணக்கில் தங்கிக் கல்லைப் படித்தார்கள். அவர்கள் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படங்கள் இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கின்றன. ஒருவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியவர் இல்லை என் தாத்தா. அந்தப் பெயருக்காகத்தான் சென்னை வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாக இந்தச் சுவர்களோடு போராடுகிறேன்.

பேய்க் கதை நான் கட்டியதல்ல. ஊரில் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசில் உச்சிவேளையில் ஆறாம் அறைப் பக்கம் நானே ஓடித்தான் கடப்பேன். அந்தப் பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும் சண்டை, அதனால் விழுந்தாள் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

தப்பாக நினைக்கக்கூடாது. பத்திரிகையில் வந்ததிலிருந்து பலர் கூப்பிடுகிறார்கள். கோவிந்தம்மாளின் தம்பி என்று ஒருவர், அவளை ஓட்டித் தருகிறேன் என்று ஒரு பூசாரி. நீங்கள்தான் அவர் என்றால், அங்கே வேலை செய்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

சசிரேகா


ஏனாத்தூர்
18 பிப்ரவரி 2025

திருமதி சசிரேகா அவர்களுக்கு,

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. சண்டை போடுவதற்குப் புருஷன் வேண்டாமா?

அடையாளம் கேட்டீர்கள். ஆறாம் அறை ஜன்னலில் இடது பக்கமிருந்து மூன்றாவது கம்பி. மேல் சட்டத்தில் அதன் துளை தேய்ந்து ஆழமாகிவிட்டது. கம்பியை மேலே தூக்கினால் கீழ்நுனி கழன்று வரும். தினமும் தூசி தட்டியவளுக்குத்தான் அது தெரியும். போய்த் தூக்கிப் பாருங்கள்.

மீதியையும் சொல்கிறேன். நாங்கள் ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பு. 1987-இல் எனக்கு இருபது வயது. அறைகளைக் கூட்டுவது, போர்வை துவைப்பது என் வேலை. பக்கவாட்டுச் சந்து வழியாக வர வேண்டும், சந்து வழியாகவே போக வேண்டும். முன்படி எங்களுக்கு இல்லை. நாலாம் அறையில் தங்கிய மர வியாபாரி ஒருவருடைய கைக்கடிகாரம் காணவில்லை. மேனேஜர் புருஷோத்தமன் என்னை அழைத்தார்.

"எடுத்தத குடுத்துடு. போலீசு வந்தா கேக்கற மாதிரி கேக்கும்."

"நான் எடுக்கல சாமி. மேசைய தொடச்சேன், அங்க கடியாரமே இல்ல."

"உங்க ஆளுங்கள பத்தி எனக்கு தெரியாதா? உங்க அண்ணங்காரன் இப்ப எங்க கீறான்?"

உங்கள் தாத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் எடுக்கவில்லை என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "ஆறாம் நம்பர்ல வெச்சி பூட்டு. போலீசுக்கு ஆள் அனுப்பு" என்றார்.

உள்ளே உட்கார்ந்து யோசித்தேன். ஓடிப்போனால் திருடி என்று ஆகிவிடும். எங்கள் குடியிருப்பில் புகுந்து என் அண்ணன் சுப்ரமணியை இழுத்துப் போவார்கள். அப்படி இழுத்துப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். நான் செத்துப் போனால்தான் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கம்பியைத் தூக்கி வெளியே வந்து, அதைப் பழையபடி துளையில் மாட்டினேன். சும்மாட்டுத் துணியையும் கண்ணாடி வளையலையும் கிணற்றுச் சுவரில் வைத்தேன். துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த பாறாங்கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் கிணற்றுக்கு ஓடி வந்தபோது நான் கரும்புத் தோட்டத்துக்குள் இருந்தேன். மாகறல் வரைக்கும் செய்யாற்று ஓரமாகவே நடந்து, மறுநாள் மத்தியானம் பழையசீவரத்தில் என் சித்தி வீட்டை அடைந்தேன்.

அங்கே நாற்று நட்டேன், கல்யாணம் செய்தேன். பிறகு ஏனாத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். கடைசிப் பதினாலு வருஷம் அங்கே மேற்பார்வையாளர். இருநூற்று நாற்பது அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு ஊசி காணாமல் போனதாக ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. திருடி என்று பூட்டப்பட்டவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. நீங்கள் பத்திரிகையில் போட்டதால் இப்போது வந்தது.

கோ. கோவிந்தம்மாள்


உத்திரமேரூர்
3 மார்ச் 2025

அம்மா,

கடிதம் வந்த அன்றே அந்தக் கம்பியைத் தூக்கினேன். கழன்று கையோடு வந்துவிட்டது. 

உங்களிடம் அடையாளம் கேட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

என் நைனா கலைச்செல்வனுக்கு எழுபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் தாத்தாவுக்கு உதவியாக ஓட்டலில் இருந்தவர். உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.  மூன்றாம் நாள் நாஷ்டா சாப்பிடும்போது நானே கேட்டேன்.

"நைனா, அந்தம்மா சொல்றது நெசமா?"

"உயிரோட கீறாங்களா?" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த வாட்ச் கெடச்சிதும்மா."

நீங்கள் போய்ப் பத்து நாள் கழித்து அந்த மர வியாபாரியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்ததாம். கடிகாரம் அவருடைய சவரப் பைக்குள்ளேயே இருந்தது, சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாராம். தாத்தா படித்தார். "செத்தவளுக்கு இனிமே இன்னாத்த சொல்றது" என்று கிழித்துப் போட்டார். தேடியும் உடல் கிடைக்காத கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடினார்கள். நைனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

என் தாத்தாவைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன்! அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிவிடுவேன்.

பேய்க் கதையை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுகிறேன். ஆறாம் அறையின் நம்பரையே மாற்றிவிடுகிறேன். இனி யாரும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீங்கள் சாகவில்லை என்றால் துணி அடித்தது யார்? போர்வை மடித்தது யார்? அந்தச் சத்தத்தை என் காதால் கேட்டிருக்கிறேன்.

சசிரேகா


ஏனாத்தூர்
9 மார்ச் 2025

சசிரேகா அம்மாவுக்கு,

பத்தே நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். அந்தத் தபால் அட்டையைக் கிழிக்காமல் என் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊருக்குத் திரும்பியிருப்பேன். என் அம்மா செத்தபோதுகூட நான் அங்கே வரவில்லை. செத்தவள் எப்படிச் சாவுக்கு வருவது?

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பேயை வளர்த்தது என் அண்ணி முனியம்மாள்.

நான் உயிரோடு இருப்பது முதல் பொங்கலின்போதே அண்ணனுக்குத் தெரியும். பழையசீவரம் மலைக்குப் பெருமாள் வருகிற பார்வேட்டைத் திருவிழாவுக்கு வந்தவன் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டான். எங்கள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்தது, ஒரு வாயும் திறக்கவில்லை. என் வேலைக்கு அண்ணிதான் வந்தாள். வேலை செய்கிற பெண்களை அறைக்குள் கூப்பிட்டு மிரட்டுவதும் பூட்டுவதும் புருஷோத்தமனுக்கு வழக்கம். அதைப் பார்த்த அண்ணி ஒருநாள் உச்சிவேளையில் கல்லில் நாலு அடி அடித்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஆள் எட்டிப் பார்த்தான், கல்லடியில் யாரும் இல்லை. மறுநாள் நான் சொல்லிக் கொடுத்த அதே கம்பியைத் தூக்கி, பூட்டிய அறைக்குள் போர்வைகளை மடித்து வைத்தாள். அதோடு அவன் ஆறாம் அறைப் பக்கம் வரவில்லை. எந்தப் பெண்ணையும் எந்த அறையிலும் பூட்டவில்லை. "பூட்டனா கோவிந்தம்மா வந்துருவா சாமி" என்று எங்கள் பெண்களே அவனுக்குச் சொல்வார்களாம்.

ஓட்டலை மூடும் வரைக்கும், பதினேழு வருஷம், உங்கள் ஆறாம் அறை எங்கள் பெண்களின் அறையாக இருந்தது. மத்தியானத்தில் அங்கே ஃபேனைப் போட்டுக்கொண்டு சோறு தின்று, காலை நீட்டிப் படுத்து எழுந்தார்கள். கட்டிலிலேயே படுத்தார்கள். நீங்கள் ஓடிக் கடந்தபோது உள்ளே ஏழெட்டுப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

ஆகவே நம்பரை மாற்றாதீர்கள். என் பெயரையும் எடுக்க வேண்டாம். இதுவரை எடுக்கச் சொன்னேன். இப்போது வைக்கச் சொல்கிறேன், ஆனால் நடந்தது நடந்தபடி. உங்கள் ஊர் கல்லில் எழுதிய ஊர் என்று பெருமைப்படுகிறீர்கள். என் விஷயத்தையும் கல்லில் எழுதி முன்வாசலில் வையுங்கள்.

கோவிந்தம்மாள்


உத்திரமேரூர்
20 மார்ச் 2025

அம்மா,

முனியம்மாள் அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். பிறகு உங்கள் அம்மாவைப் பற்றிய வரியை மறுபடி படித்தேன்.

கல்லுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் வாசகத்தில்தான் சிக்கல். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "செத்துப்போன எங்கப்பா பேர வாசல்ல கல்லுல ஏத்தி, ஊரு படிச்சிக்கினு போவணுமா?" என்கிறார். அவரைச் சமாதானப்படுத்த இப்படி எழுதியிருக்கிறேன்:

'1987-இல் இங்கே பணிபுரிந்த கோவிந்தம்மாள், ஒரு தவறான புரிதல் காரணமாக இவ்விடுதியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் இன்றும் நலமாக வாழ்கிறார்.'

நயமாக இருக்கிறது, யாரையும் நோகடிக்காது. உங்களுக்குச் சம்மதம் என்றால் வெட்டச் சொல்லிவிடுகிறேன். சித்திரை ஒன்று திறப்பு விழா, நாள் நெருங்குகிறது.

சசிரேகா


ஏனாத்தூர்
24 மார்ச் 2025

சசிரேகா அம்மாவுக்கு,

சம்மதம் இல்லை.

தவறான புரிதல் என்றால் இரண்டு பேர் பேசி இரண்டு பேருக்கும் புரியாமல் போவது. என்னிடம் யாரும் பேசவில்லை. பொய்ப் பழி போட்டார்கள், பூட்டினார்கள். உண்மை தெரிந்த பிறகு அட்டையைக் கிழித்தார்கள். நான் வெளியேற நேரவில்லை, கம்பியைக் கழற்றிக்கொண்டு போனேன். அது என் புத்தி. அதையும் நயமாக எழுதி என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் உங்களிடம் நிலம் கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை. சரியான சொல் கேட்கிறேன். முடியாது என்றால் கல் வேண்டாம். பேயையே வைத்துக்கொள்ளுங்கள். அது பொய் என்று தெரிந்துகொண்டே வைத்துக்கொள்ளுங்கள்.

கோ. கோவிந்தம்மாள்


உத்திரமேரூர்
2 மே 2025

அம்மா,

ஐந்து வாரம் உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். சித்திரை ஒன்றில் ஓட்டலைத் திறக்கவில்லை. திறக்கக் கை வரவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை நைனா படிக்க மாட்டேன் என்றார். நான் உரக்கப் படித்தேன். மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் ஆறாம் அறையில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "சசி, பேனா எடு, நான் சொல்றன்" என்றார்.

அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கல்லில் வெட்டியாகிவிட்டது:

'1987-ஆம் ஆண்டு இங்கே வேலை செய்த கோவிந்தம்மாள் மீது கடிகாரம் திருடியதாகப் பொய்ப் பழி போட்டு, ஆறாம் அறையில் வைத்துப் பூட்டினோம். அவர் தம் குடும்பத்தைக் காப்பாற்றத் தம் அறிவால் தப்பிச் சென்றார். கடிகாரம் பத்தாம் நாள் கிடைத்தது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. கோவிந்தம்மாள் வாழ்கிறார். - கிருஷ்ணசாமி குடும்பம்.'

அதில் நான்கு வார்த்தைகளை, 'எங்களுக்குத் தெரியும், நாங்கள் சொல்லவில்லை' என்பதை, நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அவர் எழுதச் சொன்னார். என் தாத்தாவைப் பற்றி எனக்கிருந்த பெருமை போய்விட்டது. நைனாவைப் பற்றி இப்போது வந்திருக்கிறது.

மே 25 ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். நீங்கள் வந்து திறக்க வேண்டும். அந்த அறையில் இளைப்பாறிய பெண்கள் எல்லாரையும் அழைத்து வாருங்கள். கார் அனுப்புகிறேன்.

உங்கள் சசிரேகா


ஏனாத்தூர்
28 மே 2025

அன்புள்ள சசிரேகா,

கார் வேண்டாம் என்று பஸ்ஸில் வந்ததற்குக் கோபிக்காதே. என் காலால் வந்து இறங்க வேண்டும் என்று ஆசை. இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன்.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். வாசலில் இறங்கியதும் என் கால் தானாகச் சந்துப் பக்கம் திரும்பிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் காலுக்கு மறக்கவில்லை. அண்ணி கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா கோவிந்தம்மா, படி இங்க கீது" என்றாள். கூட வந்த பெண்களோடு சேர்த்து எட்டுப் பேரும் முன்படியில் ஏறினோம்.

கல்லை நானே படித்தேன். இந்து படிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன்.

உன் நைனா கல் பக்கத்தில் நின்று கும்பிட்டார். "தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டன்மா" என்றார். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது பரவாயில்லை என்று சொல்கிற காரியம் இல்லை. "இப்ப சொல்லிட்டீங்க. உக்காருங்க, எத்தினி நேரம் நிப்பீங்க" என்றேன். உட்கார்ந்தார். நானும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம்.

உச்சிவேளைக்கு நீ கேட்டாய் என்று அண்ணி கல்லில் துணி அடித்துக் காட்டினாளே, ஊரே கை தட்டியதே, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாள். "இத்தன வருசம் ஒளிஞ்சிக்கினு அடிச்சன், இப்பதான் எல்லாரும் பாக்க அடிச்சன்" என்றாள். மாகறல் தாண்டும்போது தூங்கிவிட்டாள்.

என் அம்மாவைப் புதைத்த இடத்துக்கும் போய் வந்தேன். நன்றாக இருக்கிறேன்.

கோவிந்தம்மாள்


உத்திரமேரூர்
10 ஜூன் 2025

அன்புள்ள அம்மா,

ஓட்டல் நன்றாக நடக்கிறது. பழைய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர் வருகிறார்கள். போன வாரம் சென்னையிலிருந்து வந்த நாலு பேர் வரவேற்பில் இருக்கும் கல்பனாவிடம், "பேய் ரூம் எது?" என்று கேட்டார்கள்.

"பேயா? அவங்க ஏனாத்தூர்ல கீறாங்க சார்" என்றாள் கல்பனா. "போன மாசம் வந்துட்டுதான் போனாங்க. வாசல்ல கல்லு கீது, படிச்சிட்டு வாங்க." படித்துவிட்டு வந்தவர்கள் குரலைத் தணித்துக்கொண்டு ஆறாம் அறையையே கேட்டு வாங்கினார்கள்.

நேற்றுதான் தங்குவோர் பதிவேட்டைப் புரட்டினேன். மே 25-ஆம் தேதிப் பக்கத்தில், நான் சமையலறையில் இருந்த நேரத்தில், நீங்கள் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவே இல்லையே!

பெயர்: கோவிந்தம்மாள். தொழில்: விடுதி மேற்பார்வையாளர், ஓய்வு. எங்கிருந்து வருகிறார்: ஏனாத்தூர். வந்த காரணம்: பார்வையிட.

அதற்குப் பக்கத்தில், குறிப்பு என்ற கட்டத்தில்: 'ஆறாம் அறைத் தலையணை உறையில் சோப்பு சரியாக அலசவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் இறுக்கம். மற்றவை திருப்தி.'

நேற்றே எல்லா உறைகளையும் மறுபடி அலசிப் போட்டோம். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. நைனா அந்தப் பக்கத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படித்தார். "பாத்துக்கோ சசி, அடுத்த தபா வந்தாங்கன்னா இன்னும் எழுதுவாங்க" என்றார்.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் சசிரேகா